கொட்டாத பால்

பால் பொங்கினால் நல்லது, கொட்டினால் கெட்டது. இதைத் தெரியாத பெண்பிள்ளை நம் சனத்தில் உண்டா? மலாயாவுக்குக் கப்பலேறும்போது அம்மியை விட்டுவிட்டு வந்தார்கள், ஆட்டுக்கல்லை விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் ஒருத்தியும் விட்டுவிட்டு வரவில்லை.

அதனால்தான் பேச்சியம்மாளைத் திட்டவும் மனசு வரவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் லியாக்கத் அலியின் மருந்துச் சரக்குக் கடை. அதன் பின்கட்டில், திரைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு அவர் மனைவி சம்சாத் பேகம் பேச்சிக்கு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அதில் இருந்தது பூனைக்காலி விதை. ஆண்பிள்ளைகளுக்குத் தாதுவைக் கூட்டுகிற விதை.

கல்யாணமாகி ஏழு வருஷம். பேச்சியம்மாள் வயிறு திறக்கவில்லை. புருஷனின் அக்கா ராசம்மா, தம்பி செல்லப்பனுக்கு மாசாய் ஊர்ப் பக்கம் வேறு ஒரு பெண்ணையே பார்த்து வைத்துவிட்டாள். மருத்துவச்சியோ பேச்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "உங்கிட்ட ஒரு குறையும் இல்லடி" என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் குறை யாரிடம்? அதை வாய்விட்டுக் கேட்க எந்தப் பெண்டாட்டிக்குத் துணிச்சல் வரும்? ஆம்பிளை முகத்தில் கரியைப் பூசினதாகிவிடாதா? ஆகவே அவனுக்குத் தெரியாமலே மருந்தைக் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினாள்.

சம்சாத் பேகம் ஒன்றுக்குப் பத்து தடவை சொல்லித்தான் அனுப்பினாள்.

"இந்தாம்மா, இது நல்லதும் பண்ணும், கெட்டதும் பண்ணும். பசும்பால்ல மூணு தடவ வேக வைக்கணும். ஒவ்வொரு தடவையும் அந்தப் பாலக் கீழ கொட்டிடணும். விதையில இருக்கற கடுப்பெல்லாம் பால்லதான் இறங்கும். நாய்க்குக்கூட அத ஊத்தாத. அப்புறம் தோலை உரிச்சு, காய வச்சு, இடிச்சு, சுண்டைக்கா அளவு. சுண்டைக்கான்னா சுண்டைக்காதான், ஆமா!"

வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சி காளியப்பன் வீட்டில் பால் வாங்கினாள். இந்த ரப்பர் தோட்டத்து லயத்தில் கறவை மாடு இருப்பது அவர் ஒருத்தரிடம்தான். "என்னத்துக்கும்மா இம்புட்டுப் பாலு?" என்று அவர் கேட்டபோது, வாயில் வந்ததைச் சொன்னாள்: "நாளைக்கு வெள்ளிக்கிழமைங்க. அம்மனுக்கு வேண்டுதல்."

அம்மனை எதற்கு இழுத்தாய் பேச்சி? வேறு பொய்யே கிடைக்கவில்லையா உனக்கு?

விதை வெந்தது. பாலை வடித்து எடுத்துக்கொண்டு சாக்கடையோரம் போனாள். சட்டியைச் சாய்த்தாள். கை வரவில்லை.

அவள் கண்ணெதிரே பால் மண்ணில் விழுந்தது ஒரே ஒரு தடவை. அம்மாவைப் புதைத்த இடத்தில், பால் தெளித்த அன்று. பிள்ளையில்லாதவள், பிள்ளைக்காகக் காய்ச்சிய பாலைத் தன் கையாலேயே மண்ணில் கொட்டுவதா? நல்ல காரியத்துக்குப் பண்ணுகிற மருந்தில் இழவு வீட்டுக் காரியமா? 

அந்தப் பாலை மூடி உறியில் வைத்தாள். யார் காலும் படாத இடமாகப் பார்த்து நாளைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மிச்சப் பாலில் விதையை இன்னொரு தடவை வேகவைத்தாள். இந்தத் தடவை சாக்கடைப் பக்கமே போகவில்லை. கொதிக்கிற பாலில் என்ன விஷம் தங்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, தோலை உரித்து விதையை அரைத்து, அந்தப் பாலையும் சேர்த்து, சர்க்கரை போட்டுச் சுண்டக் காய்ச்சி உருட்டிவிட்டாள். மூன்றாவது தடவைக்குப் பாலே இல்லை.

உருண்டைகளைப் பிஸ்கட் டின்னில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் மறைத்தாள். வெள்ளிக்கிழமை விடிகாலை, செல்லப்பன் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கிளம்புமுன், தேத்தண்ணியோடு ஒரு உருண்டை கொடுத்தாள். சுண்டைக்காய் அளவுதான்.

"என்ன புள்ள, இன்னிக்கு இனிப்பெல்லாம்?" என்றான் அவன்.

"சும்மாதாங்க. தின்னுங்க."

தின்றான். அப்புறம் அவள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்து, உறியிலிருந்த பாலை, ஊற்றுகிற வரை கெட்டுப்போகாமல் ஒரு கொதி காய்ச்சித் திரும்ப உறியில் வைத்துவிட்டு, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு புல்லு வெட்டுக்குப் போனாள்.

வெயில் ஏறுவதற்குள் வந்தது சத்தம்.

"பேச்சி! ஏ பேச்சி! ஓடியா! ஒம் புருசன் மரத்தோட சண்டை போடறான்!"

வேலை மேய்க்கிற மண்டோர் ஐயாசாமியின் குரல். பேச்சி கத்தியைப் போட்ட இடம்கூடத் தெரியாமல் ஓடினாள்.

செல்லப்பன் ஒரு மரத்தில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றான். வாளி கவிழ்ந்து ரப்பர் பால் தரையெல்லாம் ஓடியிருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க வாந்தி. ரப்பர் மரம் சீவுகிற உளி கையிலிருந்து இறங்கவில்லை. கழுத்து நரம்பு துடிப்பது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"கிட்ட வராதீங்க! மரமெல்லாம் நடந்து வருது, பாத்தீங்களா? வரிசையா வருது! அலமாக், கடவுளே, யாருமே பாக்கலியா?"

"என்னங்க... நாந்தான், பேச்சி..."

அவன் அவளைப் பார்த்தான். பார்த்த கண்ணில் அவளை அடையாளம் தெரியவில்லை. ஏழு வருஷத்தில் அவளை ஒரு அதட்டுப் போட்டிராத மனுஷன், அவளுக்கு எதிரே உளியை நீட்டினான்.

 'கொன்னுட்டேன். என் கையாலேயே கொன்னுட்டேன்.' பேச்சி வாய்க்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

நாலு பேர் சேர்ந்து உளியைப் பிடுங்கி, வேட்டியில் தூளி மாதிரி கட்டி, எஸ்டேட் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, ஒரு வராந்தா, ஒரே வரிசையில் பலகைக் கட்டில்கள். பெரிய டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாளெல்லாம் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸர் சபாபதிதான் சகலமும். கோபக்காரர். ஆனால் கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர்.

கட்டிலோடு சேர்த்துக் கட்டியும் செல்லப்பன் துள்ளினான். சபாபதி நாடியைப் பிடித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"ஏம்மா, காலையில என்ன சாப்பிட்டான்?"

"பழைய சோறுங்க. கருவாடு."

"வேற?"

"தேத்தண்ணி."

"வேற?"

"வேற... வேற ஒண்ணுமில்லீங்க."

சொல்லிவிட்டாள். நேற்றைய பொய்க்கு மேல் இன்னொரு பொய்.

"நேத்து இவன எந்த வேலைக்குப் போட்டாங்க?"

"லாலாங் புல்லுக்கு மருந்து அடிக்கப் போட்டிருந்தேங்க," என்றான் ஐயாசாமி.

சபாபதி கைத்துண்டால் நெற்றியைத் துடைத்தார். லாலாங் புல்லைக் கருக்குகிற அந்த மருந்து பச்சைப் பாஷாணம். ரப்பர் விலை விழுந்து, பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிய வருஷம் அது. அந்த மருந்தைக் குடித்துவிட்டுப் படுத்தவர்களை அவர் பார்த்திருக்கிறார்.

"அதக் குடிச்சிருந்தான்னா நான் துரைகிட்ட சொல்லித்தான் ஆகணும். அப்புறம் மாத்தா மாத்தா வந்துருவான். பொழச்சாலும் போலீசுதான், செத்தாலும் போலீசுதான். புரியுதா? என்னத்த முழுங்கினான்னு தெரியாம நான் எதுக்கு வைத்தியம் பாக்கறது?"

பேச்சி வாயைத் திறந்தாள். அதற்குள் வராந்தாவில் ஒரு கூப்பாடு.

"அடிப்பாவி! எந் தம்பிக்கு மருந்து வச்சிட்டியாடி?"

ராசம்மா. தலைமுடி அவிழ்ந்து, மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அம்மா இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். பாசமும் உண்டு, வாயும் உண்டு. இரண்டும் அளவுக்கு மேலேயே உண்டு.

"மாசாய்க்காரி வரப்போறான்னு தெரிஞ்சதும் வசியம் பண்ணப் பாத்தியா? சோத்துல வச்சியா, தண்ணியில வச்சியா? சொல்லுடி!"

"மதினி... அப்படியெல்லாம் இல்ல மதினி..."

"பித்துப் புடிச்ச மாதிரி கத்தறான். இடுமருந்து இல்லாம இது வேற என்ன?"

இடுமருந்து. அந்த ஒரு சொல் போதும், ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிந்தது. மேல் லயத்தில் ஒருத்திக்கு இந்தப் பேர் விழுந்தது. அப்புறம் அவள் தொட்ட குழாயில் யாரும் தண்ணீர் பிடிக்கவில்லை. அவள் வீட்டு நெருப்பைக்கூட யாரும் வாங்கவில்லை. கடைசியில் அவள் பெட்டியைத் தூக்கி ரயிலடியில் வைத்துவிட்டு வந்தார்கள். எங்கே போனாள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கேட்கிறவர்களும் இல்லை.

பேச்சி அதைக் கண்ணால் பார்த்தவள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"ஏய், யாரு இங்க கூச்சல் போடறது?" சபாபதி அதட்டினார். "நோயாளி கிடக்கறான், நீ ஒப்பாரி வைக்கறியா? போ, போய் இவனுக்கு மாத்துத் துணி எடுத்துட்டு வா. போன்னு சொல்றேன்ல!"

"போறேன். எந் தம்பிக்கு ஒண்ணு ஆச்சுன்னா இவள உசிரோட விடமாட்டேன்." ராசம்மா மூக்கைச் சிந்திவிட்டு, வீட்டுச் சாவியைப் பேச்சியின் இடுப்பிலிருந்து தானே உருவிக்கொண்டு போனாள்.

செல்லப்பன் அலறினான். கட்டில் காலே தரையிலிருந்து எழும்பியது. சபாபதி ஊசியை எடுத்தார். சின்ன சீசாவிலிருந்து மருந்தை ஏற்றினார். ஏற்றிவிட்டு அப்படியே நின்றார்.

"இது மயக்க ஊசி. இதப் போட்டா அடங்குவான். ஆனா உள்ள என்ன கிடக்குன்னு தெரியாம போட்டா, மூச்சும் சேந்து அடங்கிப் போயிரலாம். போடாம விட்டா இந்த நெஞ்சு எவ்வளவு நேரம் தாங்கும்னும் எனக்குத் தெரியல." அவர் பேச்சியைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் வடிந்திருந்தது, அவருக்கே பயம் வந்துவிட்டது தெரிந்தது. "கடைசியா கேக்கறேன்மா. உனக்கு ஏதாவது தெரியுமா?"

அவள் சபாபதியின் கையைப் பார்த்தாள். ஊசி முனையில் ஒரு சொட்டு நின்றது.

சொன்னால் இடுமருந்துக்காரி. சொன்னால் நாளைக்குக் காலையில் பெரட்டில் அத்தனை ஆம்பிளைகளும் செல்லப்பனைப் பார்த்துச் சிரிப்பார்கள், பெண்டாட்டி மருந்து கொடுக்க வேண்டிய ஆம்பிளை என்று. சொல்லாவிட்டால், பார்த்துச் சிரிப்பதற்கு அவனே இருக்கமாட்டான்.

"நாந்தாங்க கொடுத்தேன்."

"என்னத்த?"

"பூனைக்காலி விதைங்க. கொழந்த வேணும்னு... அவருக்குத் தெரியாதுங்க. பாலக் கொட்டணும்னாங்க. எனக்கு மனசு வரல. ரெண்டாந் தடவ வேக வச்ச பாலோடயே உருட்டிட்டேன்." அவள் அவர் காலில் விழுந்துவிட்டாள். "எம் மேல எழுதிக்கங்க. போலீசு வரட்டும். அவரு மட்டும் பொழைக்கட்டுங்க, ஐயா!"

சபாபதி ஊசியைத் தட்டில் வைத்தார்.

"எந்திரி. எந்திரிம்மா. முதல்ல வயித்தக் கழுவணும். தண்ணி கொண்டா, நிறைய கொண்டா. ஐயாசாமி, தலையப் புடி!"

அதற்கப்புறம் நடந்ததைப் பேச்சி ஒழுங்காகப் பார்க்கவில்லை. ரப்பர் குழாய், உப்புத் தண்ணீர், வாளி, திரும்பத் திரும்ப வாளி. நடுநடுவே சபாபதியின் வசவு மட்டும் காதில் விழுந்தது.

"பச்சிலைன்னா பயமில்லைன்னு எவன்தான் உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தானோ! ஊமத்தை பச்சிலை இல்லையா? எட்டி பச்சிலை இல்லையா? முறையோட செஞ்சாத்தான் மருந்து. புள்ளைக்குன்னு கண்டதையும் தின்னு, இருக்கற சத்தையும் கெடுத்துக்கிட்டு வந்த ஆம்பிளைங்க எத்தனை பேரு இந்த வராந்தாவுல உக்காந்திருக்கானுங்க தெரியுமா? வெளிய சொல்ல மாட்டானுங்க, அவ்வளவுதான். ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில ஆம்பிளைக்கும் பரிசோதனை இருக்கு. போனா மானம் போயிருமாம்! உசிரு போனா பரவாயில்லையாம்! எவ்வளவு கொடுத்த?"

"ஒரு உருண்டைங்க. சுண்டைக்கா அளவு."

"ஒரு சுண்டைக்காய்க்கா இந்த ஆட்டம்?" அவர் நம்பவில்லை. அவளுக்கும் அது புரியவில்லை.

மத்தியானம் தாண்டித்தான் செல்லப்பன் அடங்கினான். வேர்வை கொட்டியது. நாடி மெல்ல மெல்ல இறங்கியது. கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஐயாசாமி போய்விட்டான். பேச்சி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து, அவன் மூச்சு வருகிறதா, வருகிறதா என்று நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மூச்சு கொஞ்சம் தாமதித்தாலும் அவளுக்குத் தன் மூச்சு நின்றது.

"பேச்சி."

"என்னங்க! இருக்கேங்க, இங்கதான் இருக்கேன்."

"மரமெல்லாம் நின்னுருச்சா?"

"நின்னுருச்சுங்க. எல்லாம் அதது எடத்துல நிக்குது."

அவன் நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். "பிஸ்கட் டின்னு காலியா இருக்கும். தேடாத."

"எந்த டின்னு?"

"அரிசிப் பானைக்குப் பின்னால வச்சியே, அந்த டின்னு. நீ குழாயடிக்குப் போனப்ப எல்லாத்தையும் எடுத்துத் தின்னுட்டேன். ஒண்ணு தின்னா ஒரு மாசத்துல பலன்னா, மொத்தத்தையும் தின்னா சீக்கிரம் பலன்னு நெனச்சேன். புத்தி கெட்டவன்."

பேச்சி அவன் பக்கம் முகத்தைக் கொண்டுபோனாள்.

"உங்களுக்கு... தெரியுமா?"

"ஏழு வருசமா உங் கையால தின்னுறேன். விடிகாலையில என்னிக்கு எனக்கு இனிப்பு உருட்டிக் கொடுத்த? அதோட நீ லியாக்கத் அலி கடைப் பின்கட்டுக்குப் போயிட்டு வந்தத பார்த்தவன் வந்து சொன்னான். பொம்பளைங்க அங்க என்னத்துக்குப் போவாங்கன்னு எனக்குத் தெரியாதா?" அவன் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெரிஞ்சுதான் தின்னேன், புள்ள. கொற எங்கிட்டதான்."

"என்ன சொல்றீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடி, கப்பல்ல வந்து எறங்கினதும் எங்கள கேம்புல வச்சிருந்தாங்க. அங்க எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. கழுத்தோட நிக்கல. கீழயும் வீங்கிப் போச்சு. அங்க இருந்த டாக்டரு, இனிமே புள்ள பொறக்கறது சந்தேகந்தான்னாரு. அக்காகிட்டகூட சொல்லல. ஒங்கிட்ட சொன்னா நீ போயிருவியோன்னு..." அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். "மாசாய்ப் பொண்ணு வேணாம்னு நான் ஏன் தள்ளிக்கிட்டே வந்தேன்? இன்னொருத்தி வயித்தெரிச்சலையும் கொட்டிக்கவா?"

இப்போது நீங்கள் எதிர்பார்ப்பது, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாள் என்பதுதானே? அழுதாள். ஆனால் அதற்கு முன்னால் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"ஏழு வருசம்! உங்க அக்கா என்னைய மலடி மலடின்னு குழாயடியில வச்சுப் பேசினப்பல்லாம் உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? ஒவ்வொரு மாசமும் நான் சாமி படத்துக்கு முன்னால கெடந்து அழுதேனே, பாத்துக்கிட்டுத்தானே படுத்திருந்தீங்க? சொல்லியிருந்தா இந்த விதைய நான் வாங்கியிருப்பேனா? இன்னிக்கு உங்களப் பொணமா தூக்கியிருப்பேனே!"

"அடி. இன்னும் அடி. பயந்துக்கிட்டே இருந்துட்டேன், பேச்சி."

"நானுந்தான் பயந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு அவன் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த நெஞ்சு ஒழுங்காக அடித்துக்கொண்டிருந்தது.

சபாபதி தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளே வந்தார். "ம். ஆளு தேறிட்டான். இங்க பேசினது எதுவும் இந்த வாசலத் தாண்டாது. ஏதோ காட்டுக் காயைத் தெரியாம தின்னுட்டான்னு சொல்லிக்கறேன். போதுமா?"

பேச்சி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். போன உயிர் திரும்பி வந்தது. பேரும் தப்பியது. இனி எதற்கும் பயமில்லை என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஒரே ஒரு நிமிஷம்.

"ஆமா, ரெண்டாவது தடவ வேக வச்ச பாலத்தான் உருட்டினேன்னு சொன்னியே," என்றார் சபாபதி துண்டில் கையைத் துடைத்தபடி. "மொத தடவ வச்ச பாலு? அதுலதானே காரம் அதிகம்? அத என்ன பண்ணின?"

உறி.

பேச்சி எழுந்தாள். "மதினி துணியெடுக்கப் போனாங்க. இன்னும் வரல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. ஓடினாள்.

வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. செல்லப்பனின் மாற்று வேட்டி மடித்தபடி வாசலிலேயே இருந்தது. உறி காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

"மதினி! மதினி!"

பதில் இல்லை. வெளியே வந்தபோது எதிரே காளியப்பன், நெற்றி நிறையத் திருநீறோடு வந்துகொண்டிருந்தார்.

"செல்லப்பனுக்கு எப்படியிருக்கு, பேச்சி? ஒண்ணும் ஆகாது, பயப்படாத. ஒங்க மதினி வேண்டுதல முடிச்சிட்டுது."

"என்ன வேண்டுதலு?"

"அட, நேத்து நீ அம்மனுக்குன்னு எங்கிட்ட பாலு வாங்கினியே! ஒங்க மதினி ஒப்பாரி வச்சுக்கிட்டு வந்து, உறியில பாலு தொங்குதேன்னுச்சு, நாந்தான் சொன்னேன். வேண்டின பால வீட்டுல தொங்க விட்டுட்டு வேலைக்குப் போனா அம்மா சும்மா இருப்பாளான்னு கேட்டேன். அதான் செல்லப்பனப் புடிச்சிருச்சுன்னு அதுக்கும் பட்டுன்னு புரிஞ்சுபோச்சு. சட்டியோட எடுத்துக்கிட்டுக் கோயிலுக்கு ஓடிச்சு. பூசாரி அபிசேகம் பண்ணி, வழிஞ்சத புடிச்சு எல்லாருக்கும் தீர்த்தம் கொடுத்துக்கிட்டு இருக்காங்க. நான் இப்பத்தான் குடிச்சிட்டு வர்றேன்." அவர் மீசையைத் துடைத்துக்கொண்டார். "கொஞ்சம் கசந்துச்சு. வேப்பிலை விழுந்திருக்கும்போல."

பேச்சி அவரைப் பிடித்து உலுக்கினாள். "வாந்தி எடுங்க! வெரல விட்டு எடுங்க! அப்புறம் நேரா டிரஸர்கிட்ட ஓடுங்க!"

"ஏம்மா, என்ன ஆச்சு உனக்கு?"

நின்று பதில் சொல்ல நேரமில்லை. லயத்துக் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் கோயில். மணிச் சத்தம் கேட்டது. ஓட ஓட அந்தச் சத்தம் நெஞ்சுக்குள்ளேயே அடித்தது.

வேலை முடிந்து வந்த சனம் முழுக்க அங்கேதான் நின்றது. செல்லப்பனுக்காகக் கும்பிட வந்தவர்கள். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டிருந்தவர்கள், கையை நீட்டிக்கொண்டு நின்றவர்கள், இடுப்புப் பிள்ளையின் வாயில் விரலால் தொட்டு வைத்தவர்கள். நடுவில் ராசம்மா, நனைந்த சேலையோடு, சட்டியை ஏந்திக்கொண்டு நின்றாள்.

டிரஸர் கொடுத்த வாக்கு பேச்சியின் நினைவுக்கு வந்தது. வாசலைத் தாண்டாது என்றாரே. இப்போது அவளே தாண்டவேண்டும். இத்தனை பேர் முன்னால், அம்மன் முன்னால்.

"குடிக்காதீங்க!" அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "யாரும் குடிக்காதீங்க! குடிச்சவங்க வாந்தி எடுங்க! அந்தப் பால்ல மருந்து இருக்கு!"

மணி நின்றது. அத்தனை முகமும் திரும்பியது.

"என்ன மருந்துடி?" யாரோ ஒரு கிழவர் கேட்டார்.

"நான் வச்ச மருந்து. என் வீட்டுக்காரருக்கு நாந்தான் வச்சேன். மதினி சொன்னது நிசந்தான்."

கூட்டம் அவளை விட்டு ஒரு அடி பின்வாங்கியது. மேல் லயத்துக்காரியிடமிருந்து எப்படி விலகினார்களோ, அப்படியே. பேச்சி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே முன்னால் போய்ச் சட்டியைப் பிடித்தாள்.

"கொடுங்க மதினி. மிச்சத்த நான் கொட்டிடறேன். மண்ணுலயே கொட்டிடறேன்."

ராசம்மா சட்டியை விடவில்லை. காலையிலிருந்து ஊரைக் கூட்டி, மருந்து வைத்தாள் மருந்து வைத்தாள் என்று கத்தியவளின் உதடு வெள்ளையாக இருந்தது. மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருந்தது. தம்பிக்காகக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்துவிட்டு, முதல் தீர்த்தத்தை வெறும் வயிற்றில் அவள்தான் குடித்திருக்கிறாள்.

"வெளையாடாத பேச்சி," என்றாள் ராசம்மா. குரல் கெஞ்சியது. "நான் கோவத்துலதான் அப்படிச் சொன்னேன். நீ வைக்கிறவ இல்லன்னு எனக்குத் தெரியாதா? இல்லைன்னு சொல்லுடி. எல்லாரும் பாக்கறாங்க, இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுடி!"

பேச்சி சட்டிக்குள் பார்த்தாள். கொட்டுவதற்கு அதில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

கூட்டத்தின் பின்வரிசையில் யாரோ ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது.